பனிக்கு மேலே ஒரு சாண்

பௌசியா மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் விவரமான பிள்ளைகள் அவரிடம் கேள்வியே கேட்பதில்லை. தங்கப்பழம் சார் ஒருவர்தான் விவரம் கெட்ட மனிதர். வாரத்துக்கு ஒன்று கேட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்.

சார் என்றதும் அவரை அங்கே வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவர் தாவரவியல் வாத்தியார். பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர், வயது ஐம்பத்தொன்று. குருவான பௌசியா மேடத்துக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. மேடம் அவரை "சார்" என்பார், அவர் மேடத்தை "மேடம்" என்பார். முதல் வாரம் மேடத்தைக் கண்டதும் சார் எழுந்து நிற்க, பெரியவர் நிற்கிறாரே என்று மேடமும் நிற்க, யார் முதலில் உட்காருவது என்பதே பெரும்பாடாகிப்போனது.

இந்த வயதில் உமக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. அவரும் என்ன செய்வார்? இளவட்டமாக இருந்தபோதே பதிவு செய்தவர்தான். அப்பா படுக்கையில் விழுந்தார், விட்டாயிற்று. மறுபடி பதிவு செய்தார், தங்கை கல்யாணம் வந்தது, அதுவும் போயிற்று. அப்புறமும் ஒரு தடவை முயன்றார், வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் பாதியில் வெளிநாடு போய்விட்டார். இப்போது பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஆய்வுக் குழு சரி என்றால் விடுப்பு நீளும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இனி ஒரு தடவை கிடையாது.

அவர் தேடிக்கொண்டிருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் நிலக்கரி வெட்டும் ஓரிடத்தில், ஆற்றங்கரைச் சரிவிலிருந்து மேடமும் அவரும் சேர்ந்து வெட்டிக்கொண்டு வந்த கற்கள் இரண்டு மூட்டை. அடியில் கிடந்த கல், அதாவது அடிக்கல், சாம்பல் நிறம், உள்ளே கூழாங்கல்லும் பாறைச் சில்லும் தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். ஏறக்குறைய முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தைப் பனிப்பாறை மூடிக் கிடந்தபோது, அந்தப் பனி நகர்ந்து இழுத்துவந்து போட்ட சேறு அது. மேலே நிலக்கரி. நிலக்கரி என்றால் ஒரு காலத்தில் காடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மிருதுவான மண்கல் இருந்தது. பனி உருகித் தேங்கிய குளத்தில், காடு வருவதற்கு முன்னால் படிந்த சேறு.

அந்த ஒரு சாணில் முதலில் வந்து முளைத்தது எது? இதுதான் சாரின் கேள்வி.

அவருக்கு ஒரு யூகம் இருந்தது. குற்றாலத்து மலையில் ஈரப்பாறை ஓரமாகப் பாசிபோலப் படர்ந்து கிடக்குமே செலாஜினெல்லா, அந்த இனம்தான் என்று நினைத்தார். பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இங்கிலீஷில் ஸ்போர் என்கிற வித்து ஒன்றை உதிர்க்கும், அதிலிருந்து அடுத்த செடி வரும். இன்றைக்கு மிதித்துக்கொண்டு போகிற உயரம். அந்தக் காலத்தில் இதன் பங்காளிகள் வேறு நாடுகளில் தென்னையைவிட உயரமாக நின்றிருக்கின்றன. இந்த இனம் அந்த ஒரு சாணில் இருந்தது என்று சொல்ல, கல்லுக்குள் அதன் வித்தைப் பார்த்தாக வேண்டும். ஒன்று கிடைத்தாலும் போதும்.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கல்லை இடித்துத் தூளாக்கி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஸ்லைடு பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறின, எல்லாவற்றிலும் "இல்லை" என்றே எழுதி ஒட்டினார். ஊருக்குப் போனால் மச்சினர், மனுஷர் மண்ணுக்குள்ளே புதையல் தேடுவார், எங்க அத்தான் கல்லுக்குள்ளே கீரை தேடுதாரு என்று டீக்கடையில் வைத்தே சொல்லிச் சிரித்தார். சாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது.

ஆய்வுக் குழு கூட இரண்டு வாரம் இருந்தபோது மேடத்தின் அறைக்குப் போனார்.

"அந்த ஒரு சாண்ல ஒண்ணும் கெடயாது மேடம். உயிரே இல்லன்னு எழுதிருதேன்."

மேடம் பேனாவை மூடிவைத்தார்.

"எப்படி இடிக்கிறீங்க சார்? கொஞ்சம் காட்டுங்க."

இத்தனை நாளில் மேடம் இதைக் கேட்டதே இல்லை. ஸ்லைடைக் கொண்டுவந்தால் பார்ப்பார், அதோடு சரி. சாருக்கு ஒரே உற்சாகம். தன் வேலையைக் குறை சொல்ல முடியாது என்பது அவர் எண்ணம். இரும்பு உரலில் கல்லைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இடித்து, திருநீறு பதத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். அதை நைஸ் சல்லடையில் சலித்தார். கீழே விழுந்த தூளை ஆசிட்டில் கரைக்க எடுத்துவைத்தார்.

சல்லடைக்கு மேலே தங்கியதை என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். அது வெறும் கப்பி மேடம், கழுவுகிற தொட்டியில் தட்டிவிடுவேன் என்றார் சார்.

மேடம் சல்லடையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அந்த ஒரு சாண் கல்லில் இடிக்காதது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஒரு முஷ்டி அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, கல் முங்குகிற அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்.

"ஊறட்டும் சார்."

எத்தனை நாள் என்று சார் கேட்டார்.

"அரிசின்னா கணக்குச் சொல்லலாம்" என்றுவிட்டு மேடம் வகுப்புக்குப் போய்விட்டார்.

நம் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழு கூட இரண்டு வாரம்தான் இருக்கிறது, இருக்கிற ஒரே கல்லையும் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவதற்கா சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று டப்பைப் பார்த்து முணுமுணுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. ஒரு பெண் எட்டிப்பார்த்து, இட்லிக்கா சார், உளுந்து போடலையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கரண்டியால் கல்லை நெம்பப் பார்த்தார். மேடம் எங்கிருந்துதான் வந்தாரோ, கையை எடுங்க சார் என்றார். அத்தோடு கரண்டியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் மாற்றுகிற வேலை மட்டும்தான் அவருக்கு. வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் டப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு நேரம் ஒரு கல்லைச் சும்மா அவர் பார்த்ததே இல்லை.

கல் இளகத் தொடங்கியது. டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி முதலில் ஓரம் உதிர்ந்தது, அப்புறம் பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. கடைசியில் டப்பின் அடியில் சாம்பல் நிறச் சேறுதான் கிடந்தது. முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் அது என்னவாக இருந்ததோ, திரும்பவும் அதுவாகவே ஆகிவிட்டது.

மேடம் டீ வடிகட்டுகிற சல்லடையைக் கொண்டுவரச் சொன்னார். சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, குழாயை மெல்லத் திறந்து அலசினார். அடியில் தங்கிய கப்பியை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தட்டினார். சார் ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினார்.

"அது வேண்டாம் சார். கண்ணாடியக் கழட்டுங்க."

சாருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது, மூக்குக்கு நேரே இருப்பது துல்லியமாகத் தெரியும். தட்டுக்கு மேலே முகத்தைக் குனிந்தார். மணல் இருந்தது, கருப்புத் துணுக்குகள் இருந்தன. அதற்கு நடுவே பழுப்பு நிறத்தில், கசகசா அளவில், அமுங்கிய உருண்டையாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. தட்டின் ஓரத்தில் கூட்டமாக ஏழெட்டு.

ஈரத் தூரிகையால் ஒன்றைத் தொட்டு எடுத்து லென்ஸில் பார்த்தார். உருண்டையின் மேல் மூன்று கோடுகள், மூன்றும் நடுவில் ஒரு புள்ளியில் சேர்ந்தன.

அந்தப் படத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் போட்டவர் அவர். செலாஜினெல்லாவுக்கு இரண்டு வகை வித்து உண்டு, சின்னது தூசி மாதிரி, பெரியது வெறும் கண்ணுக்கே தெரியும், வட்டம் போட்டு உள்ளே மூன்று கோடு போடுங்கடா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தூசி மாதிரி இருந்ததை அந்தக் காலத்துத் தண்ணீரே அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார் மேடம். கனமானதுதான் சேற்றில் தங்கியிருக்கிறது. அதைத்தான் சார் உரலில் போட்டு இடித்து, தப்பிப் பிழைத்ததையும் கப்பி என்று தொட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறாரா வயிற்றெரிச்சலில் அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"எத்தன இடிச்சேன் மேடம். ஒரு வருஷம் பூரா இடிச்சேன்."

தன் மேலும் தப்பு இருக்கிறது என்று மேடம் சொன்னார். ஸ்லைடை மட்டும் பார்த்தேன், இடிப்பதை ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு இரண்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே சார் வீட்டுக்குப் போன் போட்டு மனைவி செல்வக்கனியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு வித்தும் புரியவில்லை, பனியும் புரியவில்லை. இனிமே ராத்திரி நல்லாத் தூங்குவீங்கல்லா என்று கேட்டார், அது போதுமாக இருந்தது. குழுவுக்கு அனுப்ப வேண்டிய சுருக்கத்தில் "பனிக்குப் பின் முதலில் வந்த செடி" என்று தலைப்பு வைத்தார். அதை அனுப்பிவிட்டு வந்து தலைப்பை மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தார்.

மறுநாள் மேடம் வந்து தட்டைப் பார்த்தார், தலைப்பையும் பார்த்தார்.

"அடிக்கல்ல ஊறப்போட்டீங்களா சார்?"

அது பனிச்சேறு மேடம், அதில் யாரும் வித்துத் தேட மாட்டாங்களே என்றார் சார். மேடம் மறுக்கவில்லை.

"உங்க கல்லு சார். உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தாளுக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பனிச்சேற்றில் ஒரு வித்து இருந்துவிட்டால், இந்தச் செடி பனி இருக்கும்போதே பக்கத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது என்று ஆகிவிடும். அப்புறம் என்ன "பின்", என்ன "முதலில் வந்த"? குழுவுக்குப் போன தலைப்பே பொய்யாகிவிடும். உட்கார்ந்தவர்கள் நாலு கேள்வி கேட்டு எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவங்களுக்கு என்ன, வேலை இருக்கு, வயசு இருக்கு, இன்னும் பத்துக் கல்லை ஊறப்போட்டு ஆற அமரப் பார்ப்பாங்க, எனக்கு அப்படியா என்று நூலகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கேட்காமலேயே இருந்திருக்கலாம் அந்தப் பெண் என்று மனசுக்குள் மரியாதையைக்கூட விட்டுவிட்டார். யாரும் பார்க்காத கல்லை நாம் ஏன் பார்க்க வேண்டும்? பார்க்காமல் விட்டால் அது பொய்யா? ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. சாயங்காலம் தானே போய் வேறொரு டப்பைத் தேய்த்துக் கழுவி, அடிக்கல்லில் ஒரு துண்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

அடிக்கல் லேசில் மசியவில்லை. பனி ஏறி மிதித்த சேறு அல்லவா, கெட்டியாக இறுகிக் கிடந்தது. இளகாமலே போகட்டும் என்று சார் வேண்டிக்கொண்டதும் உண்டு. குழு கூடுகிற அன்றைக்குக் காலையில் வந்து பார்த்தபோது பாதி உதிர்ந்து கிடந்தது. புது வடிகட்டியில் அலசினார், புதுத் தட்டில் தட்டினார், கண்ணாடியைக் கழற்றினார்.

கூழாங்கல் துணுக்குகளுக்கு நடுவே நாலைந்து கிடந்தன. நசுங்கிச் சிதைந்துதான் இருந்தன. ஆனால் ஒன்றின் மேல் மூன்று கோடும் தெளிவாகத் தெரிந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. தொட்டி பக்கத்திலேயே இருந்தது, குழாயும் திறந்திருந்தது. தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் தீர்ந்தது. ஒரு வருஷமாக அறியாமல் செய்ததை அறிந்து ஒரே ஒரு தடவை செய்தால் போதும். சார் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார்.

செய்முறை வகுப்பில், புஸ்தகத்துப் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளைகளை அவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கண்ணில் பட்டதை வரை, படாததை வரையாதே என்று அவர் சத்தம் போட்டால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். அது இப்போது அவர் காதிலேயே கேட்டுத் தொலைத்தது. குழாயை மூடினார்.

குழுவின் முன்னால் இரண்டு தட்டையும் வைத்தார். அனுப்பிய தலைப்பு தப்பு என்று தன் வாயாலேயே சொன்னார். பிறகு அந்த ஒரு சாண் மேல்கல்லில் கிடைத்தது இது, அடியில் இருந்த பனிக்கல்லில் கிடைத்தது இது என்று காட்டினார். அங்கே ஒரே சலசலப்பு. ஒருவர், மேல்கல் ஊறிய டப்பிலிருந்து இதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். வேறு டப்பு, வேறு வடிகட்டி என்று சார் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் நீர் கண்டுபிடித்தது என்னதான் ஐயா என்று எரிச்சலாகக் கேட்டார். தெரியலைங்கய்யா, இருக்கறதக் காட்டுதேன் என்றார் சார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவரை வெளியே நிற்கச் சொல்லி வெகுநேரம் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டபோது, இரண்டு வருஷம் நீட்டிப்பு, பனிக்கல்லை நிறையக் கொண்டுவந்து முறையாகப் பார்க்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். சார் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் கிளம்பினார்கள். குழுவில் இருந்த ஒரு வயதானவர் நல்ல மனிதர்தான், போகிற போக்கில் பனிக்கல் தட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். பாவம், இதுங்க நேரங்கெட்ட நேரத்துல வந்து விழுந்து வீணாப்போச்சு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

கூடம் காலியானது. சார் தட்டுகளை மூடிவைத்தார், நாற்காலிகளை இழுத்துப் போட்டார், டீ தம்ளர்களைப் பொறுக்கினார். மச்சினருக்கே போன் போட்டுச் சொல்ல வேண்டிய சந்தோஷம், ஆனால் மனசு அதில் நிற்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்னது மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. எதற்கு இவ்வளவு வலிக்கிறது என்று அவருக்குத் தெரியும், மூன்று தடவை பதிவு செய்து விட்டவர் ஆயிற்றே, சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. பனிக்கல் தட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் வந்தார்.

"அவர் சொன்னது நெசந்தானே மேடம்? பனி மேல வந்து விழுந்ததெல்லாம் வீணாப் போனதுதானே?"

மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கி, தூரிகை நுனியால் ஓரத்தில் கிடந்த ஒரு வித்தை மெல்லத் தள்ளி நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"பனி எந்த வருஷம் விலகும்னு அந்தச் செடிக்கு எப்படி சார் தெரியும்? அது எல்லா வருஷமும் உதிர்த்துச்சு."